பில்ட்டரைத் தட்டலாம், ஊதக் கூடாது

திருப்பூர்
15-6-2024

அப்பாவுக்கு,

பருப்புப்பொடி தீர்ந்திருக்கும் என்று அம்மா புதிதாக அரைத்துக் கொடுத்திருக்கிறாள். பையில் மேலே காலர் சாம்பிள், கீழே பொடி. பேக்கிங் அண்ணன் பிடித்துவிட்டார். "ஒடிசா யூனிட்டுக்குத் துணி போகுதா, மளிகைச் சாமான் போகுதா?" என்று கேட்டார். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தையல் சொல்லிக் கொடுக்கிறேன் என்று லைனில் நின்றுகொண்டே இருக்காமல் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்கிறாள்.

போனில் நீங்கள் எதைக் கேட்டாலும் "உம்" என்று சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். சொல்வதற்கு எதுவும் இல்லாமல் இல்லை. போனைக் காதில் வைத்ததும் எல்லாம் எங்கோ போய்விடுகிறது. கம்பெனிப் பைதான் வாரா வாரம் உங்கள் யூனிட்டுக்கு வருகிறதே, அதில் ஒரு தாளுக்கு இடம் இருக்காதா என்று நினைத்தேன்.

அக்காவுக்கு வண்டி கிடைத்துவிட்டது அப்பா. வெள்ளை நிற டீசல் கார். குண்டடத்துக்காரர் மகுடேஸ்வரன் லீசுக்குக் கொடுத்திருக்கிறார். ஆர்டர் வேலையைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர்களைக் காலையில் ஏற்றி, ஒவ்வொரு யூனிட்டாகக் கூட்டிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற டூட்டி. அவருடைய ஷெட்டில் இருக்கிற டிரைவர்கள் எல்லோரும் ஆண்கள். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாருங்க பிரியங்கா, லீசு தைப்பூசம் வரைக்குந்தான். ஆயிலு, பில்ட்டரு எல்லாம் உங்க பொறுப்பு. பூசம் கழிஞ்சு எஞ்சினச் சோதிச்சுப் பாப்பேன். நல்லா இருந்துச்சுன்னா மூணு வருசத்துக்கு எழுதித் தர்றனுங்க. இல்லீன்னா சாவிய வெச்சுப்போட்டுப் போயிரோணும். பொம்பளப் புள்ளைன்னு பாக்க மாட்டேன்."

"பாக்க வேண்டாமுங்க" என்றாள் அக்கா.

நம் வீதிக்குள் வண்டியைத் திருப்பும்போது எதிர்வீட்டு நல்லம்மாள் அக்கா சத்தமாக, "கொழந்தைகளையெல்லாம் உள்ள தூக்குங்கடீ, பிரியங்கா வர்றா!" என்றார். அக்கா சுவரில் உரசாமல் ஒரே ஒடிப்பில் கொண்டுவந்து நிறுத்தினாள். நல்லம்மாள் அக்காவே தேங்காய் சுற்றி உடைத்தார்.

நாள் முழுக்க ஓட்டுகிறவள் ஆயில் கடைக்கும் அலைய முடியாது என்று அந்த வேலையை அக்கா என்னிடம் விட்டிருக்கிறாள். செக்கிங் டேபிளில் துணி பார்க்கிறவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

வினிதா


ஒடிசா யூனிட்
29-6-2024

என் சின்னக் கண்ணுக்கு,

முழங்கால் தேவலை. ஸ்டூலும் வந்துவிட்டது. அதில் உட்கார்ந்தால் இங்குள்ள பிள்ளைகள் "மாஸ்டர்ஜிக்கு வயதாகிவிட்டது" என்று இந்தியில் சிரிக்கிறார்கள். அதனால் ஸ்டூல் நிற்கிறது, நானும் நிற்கிறேன். உனக்கு இருமல் நின்றதா? பஞ்சுக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்கிறாயா?

பையைப் பிரித்ததும் காலரை எடுப்பதா, கடிதத்தை எடுப்பதா என்று ஒரு கணம் யோசித்தேன். கம்பெனிக்காரர்கள் படிக்காமல் இருந்தால் சொல்கிறேன், கடிதத்தைத்தான் எடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் நீ சொல்கிற பதில் முன்பெஞ்சுக்கே கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கி வந்த ஒரே பிள்ளை நீதான். பத்தாவதோடு நின்றுகொள்கிறேன் என்று நீ சொன்னபோது உன் அம்மா அழுதாள். இப்போது தாளில் இவ்வளவு பேசுகிறாயே, இந்தப் பேச்சையெல்லாம் எங்கே வைத்திருந்தாய்?

அக்கா போனில் அனுப்பின, வண்டியோடு நிற்கிற போட்டோவை இங்கே எல்லோருக்கும் காட்டினேன். செக்கிங்கில் இருக்கிற சஸ்மிதா என்ற பெண், "இவர் ஓட்டுகிறாரா, சும்மா பக்கத்தில் நிற்கிறாரா?" என்று கேட்டாள். ஓட்டுகிறாள் என்றேன். என்னை அறியாமல் மீசையில் கை போய்விட்டது.

எனக்கு மொபெட்டுக்கு மேல் ஒரு வண்டியும் தெரியாது. கார் எஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்று என்னைக் கேட்டால் நல்லெண்ணெய் என்பேன். நீ என்ன வாங்குகிறாய், எப்படித் தேர்ந்தெடுக்கிறாய் என்று எனக்கு எழுது. நான் தெரிந்துகொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


திருப்பூர்
20-7-2024

அப்பாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. துணி கட்டிக்கொள்கிறேன். நீங்கள் ஸ்டூலில் உட்காருங்கள், அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆயில் வாங்கின கதையைக் கேளுங்கள். காரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் டேஷ்போர்டுக்குள் இருந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஆயில் பக்கத்தில் கட்டம் போட்டு ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. ஐந்து டபிள்யூ முப்பது. முதல் நம்பர் காலையில் குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்கு, இரண்டாவது நம்பர் ஓடிச் சூடான எஞ்சினுக்கு. நம்பர் கூடினால் ஆயில் கெட்டி. அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

வீதியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டீக்கடையில் இருந்தவர் கெட்டி ஆயில் ஊற்றினால்தான் நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும் என்றார். நல்லம்மாள் அக்காவின் மருமகன் விலை அதிகமானது எதுவோ அதை ஊற்று என்றார்.

கடை சுடலை அண்ணாச்சியுடையது, திருநெல்வேலிக்காரர். அலமாரி நிறையக் கேன்கள். "என்ன தாயி வேணும்?" என்று கேட்டார். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. வீட்டிலிருந்தே நம்பரை எழுதி வைத்திருந்த துண்டுத் தாளை நீட்டினேன்.

"இது தண்ணியா இருக்கும். கெட்டியா ஒண்ணு இருக்கு, அத ஊத்து. இஞ்சின் சத்தமே போடாது, பாத்துக்கோ."

நான் தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"ஏ தாயி, வாயத் தொறந்துதான் சொல்லேன். நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்?"

வண்டியில் என்னைக் கூட்டி வந்திருந்த அக்கா சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, அவ பேச மாட்டா. ஆனா அந்தத் தாளக் கீழ எறக்கவும் மாட்டா. எழுதியிருக்கறதையே குடுத்துருங்க."

கொடுத்துவிட்டார் அப்பா. டீசல் வண்டிக்கு உரியதுதானா என்று கேனின் பின்பக்கத்தையும் புத்தகத்தையும் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆயில் பில்ட்டருக்கு அந்தக் கார்க் கம்பெனியுடையது ஒன்றுதான் இருந்தது, யோசிக்க வேலை இல்லை.

ஏர் பில்ட்டரில்தான் யோசனை. அது எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுவது, காகிதத்தை மடித்து மடித்துச் செய்தது. கடையில் மூன்று விதம் இருந்தன. எதை வாங்குவது? அண்ணாச்சி கடை வாசலில் கழற்றிப் போட்ட பழைய பில்ட்டர்கள் கிடந்தன. மூன்று விதத்திலும் ஒவ்வொன்று கேட்டு வாங்கிவந்து, தூசியைத் தட்டி, எங்கள் யூனிட்டில் துணியின் கனத்துக்கு ஜிஎஸ்எம் பார்க்கிற வட்டக் கட்டரில் காகிதத்தை வெட்டித் தராசில் வைத்தேன். துணியைப் போலவே மூன்றும் மூன்று எடை. எது அதிகக் கனமோ அந்த வகையைப் புதிதாக வாங்கிப் போட்டாயிற்று. சூப்பர்வைசர் அக்கா, "பில்ட்டருக்கு ஜிஎஸ்எம் பாத்த மொத ஆளு இந்தத் திருப்பூருலயே நீதான்" என்றார்.

அக்காவுக்கு இப்போது டூட்டி ரைசிங் பட்டறைப் பக்கம். பனியன் துணியைச் சுரண்டி உள்பக்கம் மெத்தென்று ஆக்குவார்களே, அந்த இடம். வாசல் முழுக்கப் பஞ்சு பறக்கிறதாம். கனமான பில்ட்டர் போட்டது நல்லதாகப் போயிற்று.

மழைத் தண்ணீரில் நடக்காதீர்கள்.

வினிதா


ஒடிசா யூனிட்
10-8-2024

சின்னக் கண்ணுக்கு,

சளி பிடித்துவிட்டது, வேறு ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே, மிளகு மூட்டை அனுப்பிவிடுவாள்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் இந்தியில் படித்துக் காட்டினேன். என் இந்தியில் பாதி கையால் பேசுவது. கட்டரால் வெட்டித் தராசில் வைத்த இடத்துக்கு வந்ததும் சஸ்மிதா எழுந்து நின்று கை தட்டினாள். "மாஸ்டர்ஜி, உங்கள் வீட்டில் அரிசியையும் அப்படித்தான் பார்ப்பீர்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நீ அந்தத் தாளைக் கீழே இறக்காமல் நின்றாய் பார், அதை நான் நேரில் பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் நான் இரண்டு தரம் படித்தேன், அவர்களுக்காக இல்லை.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு.

அப்பா


ஒடிசா யூனிட்
14-9-2024

சின்னக் கண்ணுக்கு,

மூன்று பை வந்துவிட்டது, உன் கடிதம் இல்லை. சாம்பிள் டீசர்ட்டுகளின் கைகளுக்குள்கூட விட்டுப் பார்த்தேன். சஸ்மிதா "என்ன தேடுகிறீர்கள்?" என்றாள். தையல் பார்க்கிறேன் என்றேன். உனக்கு உடம்பு சரிதானே? அம்மா சரியென்றுதான் சொல்கிறாள்.

இங்கே ஒரு கூத்து. நான் ஓவர்லாக் மெஷினைக் கழற்றி மாட்டிக் காட்டினேன், நம் ஊரில் முப்பது வருடமாகச் செய்கிற மாதிரி. மாட்டி முடித்துக் கால் வைத்தால் நூல் நூலாக அறுகிறது. எந்த ஊசிக்கு எந்த நூல் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆள் நான்தான், நான்தான் ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அன்றைக்கு லைனே சிரித்தது. மறுநாள் அதே மெஷினில் உட்கார்ந்து நானே தைத்தேன். அவ்வளவுதான்.

கோவில் பக்கம் போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிடு. சூடாகச் சாப்பிடு.

அப்பா


திருப்பூர்
28-9-2024

அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சளியை அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனாலும் மிளகு வந்திருக்கிறது. எப்படித் தெரிந்ததோ.

நீங்கள் உங்கள் கடிதத்தில் ஊசியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் முதலில் அதைத்தானே கேட்பீர்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா போனில் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்று. அக்கா என்னைத் திட்டாததும் அதனால்தானா? அன்றைக்கு உங்களோடு பேசிவிட்டு வந்தவள் எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாள். அக்கா வடை வாங்கிக் கொடுக்கிற ஆளா?

சரி, நானே எழுதுகிறேன். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அக்கா ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. பாதிப் பாலத்தில் நடக்கிற வேகத்தில் போனதாம். பின்னால் எல்லோரும் ஹாரன். டூவீலரில் வந்தவன் பக்கத்தில் வந்து, "ஏனுங்க அம்மிணி, எறங்கித் தள்ளி உடோணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அக்கா எவ்வளவு பேசுவாள், அன்றைக்கு முதல் கியரைப் போட்டு நேராகப் பார்த்தபடியே பாலத்தைத் தாண்டினாளாம்.

மெக்கானிக் சசிகுமார் அண்ணன் ஏர் பில்ட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு தலையணை மாதிரி இருந்தது. "ரைசிங் பட்டறையில நிக்கற வண்டியா? அப்ப அப்படித்தான். ஆனா இந்தப் பில்ட்டர் யாரு வாங்குனது?" என்று கேட்டார். காகிதம் கனமாக இருந்தது, ஆனால் மடிப்பு கம்மி. துணிக்குக் கனம் கூடினால் மதிப்பு. பில்ட்டருக்கு மடிப்புதான் கணக்காம். மடிப்பு நிறைய இருந்தால் விரித்துப் போட்டால் பெரிய பாய் மாதிரி இடம் இருக்கும், பஞ்சு பரவி உட்காரும், காற்று போகும். நான் வாங்கியது சின்னப் பாய். சீக்கிரம் அடைத்துவிட்டது.

அது மட்டும் இல்லை. அடைக்க அடைக்க, பட்டறையில் இருக்கிறவர்கள் அக்காவுக்கு உதவி செய்கிறோம் என்று கம்ப்ரசர் ஏர் கன்னால் அதை ஊதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் எதற்குத்தான் ஏர் கன் வைப்பதில்லை? மெஷினில் பஞ்சா, ஊது. தலையில் பஞ்சா, ஊது. நானும் வீட்டுக்குப் போகும்போது சட்டையை ஊதிக்கொண்டுதான் போகிறேன்.

அந்தப் பில்ட்டரைத் தூக்கிப் போடாமல் யூனிட்டுக்குக் கொண்டுபோனேன். துணியில் ஓட்டை பார்க்க நாங்கள் லைட் டேபிள் வைத்திருக்கிறோமே, அதன்மேல் மடிப்பைப் பிரித்துப் பிடித்தேன். ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தது. ஏர் கன் வேகத்தில் காகிதம் பொத்துவிட்டது. துணியாக இருந்தால் மொத்த ரோலையும் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

அந்த ஓட்டை வழியாக மண்ணும் தூசும் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்தேன், மாவு நெருடுகிற மாதிரி இருந்தது. ஆயிலையும் இரண்டு பில்ட்டரையும் மாற்றிவிட்டோம், இந்தத் தடவை மடிப்பை எண்ணித்தான் வாங்கினேன். சசிகுமார் அண்ணன், "இப்பப் பாத்தது நல்லது. ஆனா உள்ள எவ்வளவு தேஞ்சுதுன்னு பூசம் கழிஞ்சு சோதிக்கறப்பத்தான் தெரியும்" என்றார்.

ஓனரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அக்கா சொல்கிறாள். சொன்னால் சாவியை இப்போதே கேட்பார். சொல்லாமல் இருந்தால் பூசம் வரை வண்டி நம்முடையது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதையும் அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

மிளகை ரசத்தில் போடச் சொல்லுங்கள்.

வினிதா


ஒடிசா யூனிட்
12-10-2024

சின்னக் கண்ணுக்கு,

ரசம் குடித்தேன், நன்றாக இருக்கிறேன்.

ஆமாம், தெரியும். அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள். நீயாக எழுதுவாய் என்று இருந்தேன். வடை என் யோசனை இல்லை, டீ மட்டும்தான்.

மகுடேஸ்வரனிடம் நான் போனில் பேசட்டுமா? அவர் அண்ணன் எனக்குப் பழக்கம். நான் சொன்னால் ஒருவேளை கேட்பார். உனக்கு வேண்டுமானால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல், உடனே பேசுகிறேன்.

தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். இல்லை வேண்டாம், அதை நான் சொல்கிறேன்.

அப்பா


திருப்பூர்
9-11-2024

அப்பாவுக்கு,

தீபாவளிக்கு உங்கள் பங்கு முறுக்கு பையில் இருக்கிறது. நொறுங்கியிருந்தால் பேக்கிங் அண்ணன் மேல் கோபப்படாதீர்கள், நான்தான் மேலே காட்டன் ரோலை வைத்துவிட்டேன். முழங்காலுக்கு அங்கே தைலம் கிடைக்கிறதா?

நீங்கள் பேச வேண்டாம் என்று உடனே எழுதியிருக்க வேண்டும். பேசிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். "ஓனர்கிட்டச் சொல்லீரலாம்க்கா." அக்கா சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். பிறகு, "யாரு சொல்றது?" என்றாள். நான் என்றேன். "நீயா? சுடலை அண்ணாச்சிகிட்டயே சீட்டு நீட்டுனவ!" என்றாள். ஆனால் வண்டியை ஷெட்டுக்குத்தான் ஓட்டினாள்.

ஓட்டைப் பில்ட்டரை மடியில் வைத்திருந்தேன். ஷெட்டில் ஓனர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் டிரைவர்கள். "என்ன பிரியங்கா, டூட்டி இல்லீங்களா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வரி வரவில்லை அப்பா. நின்றேன். ஒருவர் "தங்கச்சிக்குப் பேச்சு வராதுங்களா?" என்று மெதுவாக அக்காவைக் கேட்டார்.

அப்புறம் அந்தப் பில்ட்டரை மடிப்பு பிரித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஓனர் முகத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. பேப்பரை மடித்து வைத்தார்.

"என்னம்மிணி இது?"

"உங்க வண்டியோடதுங்க. கனமா இருக்குதுன்னு நாந்தான் வாங்குனேன். சீக்கிரம் அடச்சுப் போச்சு. ஏர் கன்ல ஊதியிருக்காங்க. ஓட்டையாயிருச்சுங்க. மண்ணு உள்ள போயிருக்குது. இப்ப எல்லாம் மாத்தியாச்சுங்க."

அவ்வளவும் நான் சொன்னேன். சத்தம் கம்மிதான். ஓனர் காதைக் கொண்டுவந்து கேட்டார்.

"இத ஏன் என்றகிட்ட வந்து சொல்றே? சாவியப் புடுங்கீருவேன்னு பயமில்லியா?"

"இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. "பூசம் கழிஞ்சு பாக்கறதுதான் பேச்சு. அப்பவே பாக்கறேன். நீ வந்து சொன்னதுக்காகக் கொறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன்" என்றார். நாங்கள் திரும்பும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "டேய், உங்க வண்டிப் பில்ட்டரையெல்லாம் கழட்டி வெயில்ல காட்டுங்கடா பாக்கலாம்!" அக்கா வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் கழற்றினார், அதிலும் ஓட்டை. அடுத்தவர் கழற்றினார், அதிலும். எல்லோரும் ஏர் கன் ஆட்கள்தான் அப்பா.

இப்போது அக்கா பட்டறைக்குக் காற்று வருகிற பக்கமாக நிறுத்துகிறாள், பஞ்சு எதிர்ப்பக்கம் பறந்துவிடுகிறது. பில்ட்டரைத் தரையில் மெதுவாகத் தட்டுவதோடு சரி. புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றுகிறேன். அந்தப் புத்தகம் எழுதினவர் ரைசிங் பட்டறை வாசலில் நின்றிருக்க மாட்டார்.

முறுக்கை ஊறவைத்துச் சாப்பிடாதீர்கள், பல் இருக்கிறதே.

வினிதா


ஒடிசா யூனிட்
30-11-2024

சின்னக் கண்ணுக்கு,

முறுக்கு தூளாகத்தான் வந்தது. கரண்டியால் சாப்பிட்டோம். தைலம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை இங்கே யாருக்கும் படித்துக் காட்டவில்லை. சஸ்மிதா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். இது எனக்கு வந்தது என்று சொல்லிவிட்டேன். சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

பூசம் கழிந்து எஞ்சின் என்ன சொன்னாலும் சரி கண்ணு. இங்கே லைனில் நிற்கும்போது சில நேரம் காரணம் இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறேன். முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் நிற்கிறேன்.

அம்மாவை வேலைக்கு நடுவில் கொஞ்சம் தூங்கச் சொல்.

அப்பா


திருப்பூர்
15-2-2025

அப்பாவுக்கு,

அம்மா மத்தியானம் தூங்குகிறாள். பழனி பஞ்சாமிர்தம் வைத்திருக்கிறேன், மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இது சாம்பிள் துணியில் ஒழுகினால் எனக்கு வேலை போய்விடும், பையைப் பார்த்துப் பிரியுங்கள். நீங்கள் நிமிர்ந்து நிற்பது இருக்கட்டும், ஸ்டூலில் உட்காருங்கள்.

போனில் அக்கா முடிவை மட்டும் சொல்லியிருப்பாள். மீதியை எழுதச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டாள்.

பூசம் கழிந்த மறுநாள் ஷெட்டுக்குப் போனோம். சசிகுமார் அண்ணனை ஓனரே வரச்சொல்லியிருந்தார். அண்ணன் எஞ்சினில் மீட்டரைச் செருகி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தார். அக்கா வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள், அவளால் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தேன். முதல் மூன்றும் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவில் நின்றன. நான்காவதில் முள் கொஞ்சம் கீழே நின்றது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ஓனர் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி விரலில் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். மறுபடி தேய்த்தார்.

"நாலாவதுல கொஞ்சம் தேஞ்சிருக்குது" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "அது அந்தப் பில்ட்டர்ல போனதுங்க. அதுக்கப்பறம் தேயலீங்க."

"எப்படிச் சொல்றே?"

"ஆயில் கம்பிய அடிக்கடி உருவிப் பாத்துட்டேதான் இருந்தனுங்க. கொறையவே இல்ல. விரல்லயும் நெருடலீங்க."

அவர் சசிகுமார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினார். ஓனர் கையைத் துடைத்துக்கொண்டு, "பிரியங்கா, அங்க ஏன் ஒளிஞ்சு நிக்கறீங்க, இங்க வாங்க" என்றார். "என்ற ஷெட்டுல இருக்கற வண்டிகள்ல எது எப்பத் தேஞ்சுதுன்னு தெரியறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நின்னுபோனாத்தான் தெரியும். மூணு வருசத்துக்கு எழுதிக்கலாமுங்க."

அக்கா அழுதாள் அப்பா. மேம்பாலத்தில் அழாதவள்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓனர் டிரைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். என்னைப் பார்த்து, "அம்மிணி, பில்ட்டர என்ன பண்ணோணும், என்ன பண்ணக் கூடாதுன்னு இவனுங்களுக்கு நீயே சொல்லு. நான் சொன்னாக் கேக்க மாட்டானுங்க" என்றார். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்குள் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. தடதடவென்று தகரம் அதிர்கிற சத்தம். ஒருவர் அதை நிறுத்தப் போனார். வேண்டாம் என்று கை காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"பில்ட்டரத் தட்டலாமுங்க. ஊதக் கூடாதுங்க."

வரிசையில் கடைசியாக, கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே ஒரு வயதான டிரைவர் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதில் தறி ஓட்டிக் காது மந்தமானவராம். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"கேட்டுச்சுங்க அம்மிணி" என்றார்.

எனக்கு ஆப்சென்ட் போட்ட வாத்தியாரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். அக்கா மூலனூர் டூட்டிக்குப் போகிறாள், அம்மா கோவிலுக்கு. நான்தான் எடுப்பேன்.

வினிதா